நாய்க்குச் சுட்ட அப்பம்

மாந்தர் உண்ட உணவின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். மாந்தர் உண்ணுங்கால் வாயிலில் காத்துக் கிடந்த நாய் யாது உண்டது என ஆராய்ந்தோர் மிகச் சிலர். நாயின் உணவு பற்றி எழுதுதல் கற்றோர்க்கு ஏற்ற பொருளன்று எனக் கருதப்பட்டது போலும். எனினும் நாய்க்கென மாப் பிசைந்து அப்பம் சுடும் வழக்கத்தின் வரலாறு, உற்று நோக்குமிடத்து, மாந்தர் தம் அப்பத்தின் வரலாறாகவே விரிகின்றது. மாவில் நேர்ந்த கேட்டை மாந்தர் உணர்வதற்கு முன்னரே நாய் உணர்ந்த காலங்கள் உள. இவ்வுண்மையை இலங்கையின் மலைநாட்டை நிலைக்களனாகக் கொண்டு நோக்குதல் பயனுடைத்து.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றனுக்குச் செல்லும் பெருந்தெரு, கித்துல்கலையைக் கடந்து, வளைந்து வளைந்து மேலேறி மலைநாட்டின் வாயிலை அடையும் இடமே கினிகத்தேனை. நாவலப்பிட்டியிலிருந்து வரும் தெருவும் ஈண்டே வந்து கூடும். தென்மேற்குப் பருவக் காற்று முதலில் மோதும் மலைச்சரிவு இஃதாதலின், இலங்கையில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்றாக இது விளங்குகின்றது. ஊரின் பெயரோ மழைக்கு மாறானது. 'தீப்பற்றிய சேனை' என்பதே அச்சிங்களப் பெயரின் சொற்பொருள். காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிருள் தலையாயது குரக்கன். தமிழகத்தார் அதனைக் கேழ்வரகு என்பர். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில், அந்நாட்டு மக்கள் குரக்கனை அரைத்து மாவாக்கி, ஓட்டின்மீது தணலில் அப்பமாகச் சுட்டு உண்டதைக் குறித்துள்ளார். கோதுமை மா மலையேறுவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மலைகளில் அப்பம் சுடும் வழக்கம் இருந்தமைக்கு இது சான்றாகும்.

தமிழர் நாயைப் போற்றிய வரலாறு தொன்மையானது. சங்க நூல்கள் அதனை ஞமலி எனவும் ஞாளி எனவும் வழங்கும். தொல்காப்பிய மரபியல் அதன் இளமைக்குக் குருளை எனப் பெயர் வகுத்து, புலியின் இளமையோடு ஒக்க வைக்கும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உளது. தொறுப் பூசலில் பட்ட வீரனுடன் கோவிவன் என்னும் அவனது நாயும் அக்கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அதன் செயலையும் கல் கூறுகின்றது. கன்னட நாட்டு ஆதகூரில் பத்தாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த கல்வெட்டு, பன்றியோடு பொருது மடிந்த காளி என்னும் நாயை நினைவுகூரும். பெயரும் புகழும் இவ்வாறு கல்லேறின. அந்நாய்கள் உண்ட உணவைப் பற்றி அக்கற்கள் ஒன்றும் கூறவில்லை. இல்லறத்தார் நாள்தோறும் உண்பதற்கு முன் காக்கைக்கும் நாய்க்கும் ஒரு பங்கு வைத்தல் வேண்டும் என அறநூல்கள் விதித்தன. அப்பங்கு தனியே சமைக்கப்பட்டதன்று; வீட்டார் உண்ணும் சோற்றினின்று எடுத்து வைக்கப்பட்டதே.

நாய்க்கெனத் தனியே அப்பம் சுடும் வழக்கம் மேனாட்டில் பழமையானது. உரோமரின் வேளாண் நூலாசிரியர்களான வாரோவும் கொலுமெல்லாவும் மந்தை காக்கும் நாய்க்கு வாற்கோதுமை உணவை விதித்தனர். பாலும் மோரும் கிடையாத இடங்களில், அவரை வெந்த நீரில் ஊறவைத்த கோதுமை அப்பத்தைக் கொடுக்கலாம் என்பது கொலுமெல்லாவின் கருத்து. ஊனுண்ணும் விலங்கிற்கு மாவுணவு எவ்வாறு பொருந்தும் என வினவலாம். இதற்குரிய விடை அண்மையிலேயே கிடைத்தது. 2013-இல் சுவீடனைச் சேர்ந்த எரிக் அக்செல்சனும் அவர்தம் குழுவினரும் நாயின் மரபணுக்களை ஓநாயின் மரபணுக்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மாப்பொருளைச் செரிப்பிக்கும் நொதியை உண்டாக்கும் மரபணு ஓநாயில் இரண்டு படிகளாக இருக்க, நாயில் நான்கு முதல் முப்பது வரை இருத்தலைக் கண்டனர். உழவனின் குப்பைமேட்டில் வாழ்ந்த விலங்கு உழவனின் தானியத்துக்கு ஏற்பத் தன் குடலை மாற்றிக்கொண்டது என்க. நாய் மாந்தனோடு சேர்ந்தது மட்டுமன்று, அவனது மாவோடும் சேர்ந்தது.

இனி மலைநாட்டுக்கு வருவோமாயின், அங்கு நாய்க்கூட்டத்தை இலக்கியப் பொருளாக்கியவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரே. பின்னாளில் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடிப் புகழ்பெற்ற இவர், 1848-இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் குடியேற்றத்தை அமைத்தார். கப்பலில் மாடுகளோடும் கலப்பைகளோடும் வேட்டை நாய்களும் வந்திறங்கின. ஸ்மட், கில்பக், பிரான் என்னும் அவற்றின் பெயர்கள் அவர்தம் நூலில் வீரர் பெயர்போல் வருகின்றன. மரை வேட்டையே அந்நாய்களின் தொழில். சிறுத்தைகளுக்கும் மரையின் கொம்புகளுக்கும் இரையான நாய்கள் பல. பேக்கர் பயிரிட்ட உருளைக்கிழங்கைப் புழுக்கள் அழித்தன. ஓட்ஸ் கதிர்களை மரைகளும் காட்டுப்பன்றிகளும் மேய்ந்தன. 1855-இல் அவர் இலங்கையை நீங்கினார். அவர்க்குப் பின் வந்த தோட்டத் துரைமாரும் நாய்களோடு மரை வேட்டையாடுதலைப் பல தலைமுறைகளாக விடாது தொடர்ந்தனர்.

அவ்வேட்டையின் புகழைப் படிப்போர் மற்றொன்றையும் உடன் எண்ணுதல் வேண்டும். பங்களாவின் வேட்டை நாய்க்கு மரையிறைச்சியும் சோறும் கிடைத்த காலத்தில், காட்டை வெட்டிக் கோப்பி நட்ட தமிழ்த் தொழிலாளருக்கு அரிசி புசற் கணக்கில் அளந்து கொடுக்கப்பட்டது. அதன் விலை கூலியினின்று கழிக்கப்பட்டது. அவ்வரிசி மலையில் விளைந்ததன்று. இந்தியாவினின்றும் பர்மாவினின்றும் கப்பலேறி வந்து, மாட்டுவண்டிகளில் கணவாய் ஏறியது. புகையிரதப் பாதை 1874-இல் நாவலப்பிட்டியையும் 1884-இல் ஹற்றனையும் அடைந்தது. கோப்பி 1869 முதல் இலைநோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பெற்ற பின்னரும், உணவு கீழிருந்து மேலே வரும் நிலை மாறவில்லை. லயத்து நாய் உண்டது இந்த அளந்த அரிசியின் மிச்சமே. மிச்சம் இல்லாத வீட்டில் நாய்க்கும் உணவில்லை. அரசு நாயைக் கணக்கிலெடுத்தது உண்மைதான்: 1893-இல் விசர்நாய்க்கடி பற்றிய கட்டளைச் சட்டமும், 1901-இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் பிறந்தன. நாயின் கழுத்துப் பட்டியை நோக்கிய அச்சட்டங்கள் அதன் வயிற்றை நோக்கவில்லை.

மாவை வெதுப்பி உண்ணும் முறை இலங்கைக்கு வந்த வழியை மொழியே காட்டுகின்றது. பாண், விசுக்கோத்து, போறணை என இலங்கைத் தமிழர் நாள்தோறும் வழங்கும் இச்சொற்கள் மூன்றும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. விசுக்கோத்து என்பதன் மூலப் பொருள் 'இருமுறை வெந்தது' என்பது. இருமுறை வெதுப்பி ஈரம் நீக்கிய அப்பம் கப்பலில் மாதக்கணக்காகக் கெடாது இருந்தது. நாய் விசுக்கோத்தின் பிறப்பும் இக்கப்பல் விசுக்கோத்தினின்றே நிகழ்ந்தது. இடிதாங்கி விற்க இலண்டனுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த பழைய விசுக்கோத்தை நாய்கள் விரும்பித் தின்னக் கண்டார் என்பது வழங்கும் கதை. கதை எவ்வாறாயினும், 1860-களின் தொடக்கத்தில் கோதுமை மா, காய்கறி, பீற்றூட்டு, உலர்ந்த இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்து அவர் செய்த நாயப்பம் விற்பனைக்கு வந்தது. அவரிடம் எழுத்தராய்ச் சேர்ந்த சார்ள்ஸ் கிரவ்ற் என்பவரே 1891-இல் தம் பெயரால் புகழ்பெற்ற நாய்க் காட்சியைத் தொடங்கியவர். அதுவரை வீட்டு அடுப்பில் வெந்த நாயுணவு தொழிற்சாலைக்குச் சென்றது. அதில் யாது சேர்கின்றது என்பதை உடையவன் அறியும் வழியும் அன்றோடு அடைபட்டது.

இதன் பின் நிகழ்ந்தவையே இவ்வரலாற்றின் இன்றியமையாப் பகுதி. ஆங்கில நாட்டு எட்வேர்ட் மெலன்பி என்னும் மருத்துவ அறிஞர் 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் நாய்க்குருளைகளை வீட்டினுள்ளே அடைத்து, பாணும் ஓட்ஸ் கஞ்சியும் போன்ற தானிய உணவுகளையே பெரும்பாலும் கொடுத்து வளர்த்தார். அவற்றின் எலும்புகள் வளைந்தன. ஏழைக் குழந்தைகளை முடமாக்கிய கணைநோயே அது. மீனெண்ணெய் சேர்த்த குருளைகளை அந்நோய் அணுகவில்லை. அவ்வெண்ணெயிலுள்ள பொருள் பின்னர் உயிர்ச்சத்து டி எனப் பெயர் பெற்றது. கதிரொளியிலும் உடம்பு அதனை ஆக்கிக்கொள்ளும் என்பது அதற்குப் பின்னரே தெளிவாயிற்று.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் சோளமாவையே உண்டு வாழ்ந்த ஏழை உழவரும் ஆலைத் தொழிலாளரும் பெல்லாகிரா என்னும் நோயால் தோல் வெடித்து, அறிவு திரிந்து மாண்டனர். அது தொற்றுநோய் எனப் பலர் கருத, உணவுக் குறையே காரணம் என வாதிட்டவர் யோசப் கோல்ட்பெர்கர். அதே போன்ற உணவால் நாய்க்கு உண்டாகும் 'கருநாக்கு' நோயை அவர் தம் ஆய்வுக்குத் துணையாகக் கொண்டார். அவர் 1929-இல் மறைந்தார். 1937-இல் விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்து எல்வேகெம், நிக்கொட்டினிக் அமிலம் நாயின் கருநாக்கைக் குணப்படுத்துதலைக் கண்டார். மாந்தரின் பெல்லாகிராவுக்கும் மருந்து அதுவே ஆயிற்று. நாயின் நாக்கு கருத்த காரணத்தை ஆராய்ந்ததன் பயனாக எண்ணற்ற ஏழைகள் பிழைத்தனர் எனின் அது மிகையன்று.

மூன்றாவது செய்தி மாவின் வெண்மை பற்றியது. புதிதாய் அரைத்த கோதுமை மாவை விரைவில் வெளிறச் செய்து, பாணுக்கு ஏற்றதாக்க, நைதரசன் முக்குளோரைட்டு என்னும் வளியை ஆலைக்காரர் பயன்படுத்தினர். 'ஏஜீன்' என்பது அம்முறையின் வணிகப் பெயர். அக்காலத்திலே நாய்களிடையே விளங்காத ஒரு நோய் பரவிற்று. நலமாயிருந்த நாய் திடீரென வெருண்டு, குரைத்தோடி, வலிப்புற்று வீழும். விசர் என அஞ்சிக் கொல்லப்பட்டவையும் இருந்திருத்தல் கூடும். 1946-இல் மெலன்பி, ஏஜீனிட்ட மாவை உண்ட நாய்க்கே இந்நோய் வருதலையும், இடாத மாவை உண்டதற்கு வாராமையையும் நிறுவினார். அம்மாவில் உருவாகும் நஞ்சு இன்னதெனவும் சில ஆண்டுகளில் அறியப்பட்டது. மாந்தர்க்கு அதனால் தீங்கு உண்டாயிற்று என நிறுவப்படவில்லை. எனினும் ஆங்கில நாட்டார் உண்ட பாணில் பெரும்பகுதி அத்தகைய மாவாற் செய்யப்பட்டதேயாம். 1955-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு அம்முறையைக் கைவிட்டது. அடுப்பங்கரை நாய் வெருண்டோடாதிருப்பின் அக்கேள்வியே எழுந்திராது.

கோதுமை மா மலைநாட்டு லயங்களில் நிலைபெற்றதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். 1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை ஏற்பட்டது. அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் அதனைத் தேங்காய்ப் பூவோடு பிசைந்து தடித்த ரொட்டியாகத் தட்டிச் சம்பலோடு உண்ணப் பழகினர். விடியற்காலையில் மலைக்கு ஏறுவோர்க்கு ஏற்ற உணவு அது. ஒருமுறை சுட்டால் நண்பகலுக்கும் ஆகும். போர் ஓய்ந்தும் ரொட்டி ஓயவில்லை. லயத்து நாயின் உணவும் அன்று முதல் சோற்றினின்று ரொட்டிக்கு மாறியது. 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் விலையேறி, பங்கீட்டு மா குறைக்கப்பட்டபோது, தோட்டங்களில் பட்டினி தலைவிரித்தது. தோட்ட மக்களின் இறப்பு வீதம் பிற பகுதிகளினும் கூடுதலாக உயர்ந்தது. பயிரிட நிலமின்றி, வந்திறங்கும் மாவையே நம்பியிருந்த மக்கள் அவர். சேனையின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊரின் சுற்றுப்புறத்தே, குரக்கன் விளைந்த மலையெல்லாம் தேயிலையாய் மாறியிருந்தமையை இவ்விடத்து நினைதல் தகும். அக்காலத்தில் லயத்து நாய்கள் எவ்வாறு வாழ்ந்தன என எவரும் எழுதிவைக்கவில்லை.

தொழிற்சாலை நாயுணவின் மீதிருந்த நம்பிக்கை பெரிதும் குலைந்த ஆண்டு 2007. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. சீனாவினின்று வந்த கோதுமைப் புரதத்தில், புரத அளவை மிகுத்துக் காட்டும்பொருட்டு மெலமின் என்னும் வேதிப்பொருள் கலக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. விற்பனைக்கு விடுத்த உணவு பெருமளவில் மீளப் பெறப்பட்டது. மறு ஆண்டு, 2008-இல், அதே பொருள் சீனக் குழந்தைகளின் பால்மாவிற் காணப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். அறுவர் இறந்ததாக அந்நாட்டரசே அறிவித்தது. நாய்க்கு முதலாண்டிலும் குழந்தைக்கு மறு ஆண்டிலும் என நிகழ்ச்சி முறைப்பட நடந்தது. முன்னதைக் கண்டு பின்னதைத் தடுத்திருக்கலாகாதா என்னும் வினா இன்றும் உறுத்துவது.

நாய்க்கு வீட்டிலேயே அப்பம் சுடும் வழக்கம் பல நாடுகளில் மீண்டும் தலையெடுத்தமைக்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். 2022-இல் இலங்கை பொருளாதார நெருக்கடியுட் சிக்கி, கோதுமை மாவும் பாணும் பன்மடங்கு விலையேறியபோது, கடையுணவை நம்பாது வீட்டில் உள்ளதைக் கொண்டு சமாளித்தல் இந்நாட்டில் விருப்பத்தின் பாற்பட்டதன்றித் தேவையின் பாற்பட்டதாயிற்று. மலைநாட்டு வீட்டில் அதற்குப் போறணை வேண்டுவதில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறே விறகு. தடித்த சட்டியொன்றை மெல்லிய தணலில் ஏற்றி, மூடியின் மேலும் தணலிட்டால் அதுவே போறணையாகும். நொக்ஸ் கண்ட ஓட்டடுப்பினின்று அது நெடுந்தொலைவு விலகியதன்று. வெள்ளைக் கோதுமை மாவினும் குரக்கன் மா இதற்குச் சிறந்தது. நூறு கிராம் குரக்கனில் 344 மில்லிகிராம் கல்சியம் உண்டு என்பது இந்திய உணவு அட்டவணை தரும் கணக்கு; தீட்டிய கோதுமை மாவில் அதன் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அவித்து மசித்த பூசணிக்காய், ஒரு முட்டை, முள் நீக்கி அவித்த மீன் சிறிது ஆகியவற்றோடு அம்மாவைப் பிசைந்து, சிறு வட்டங்களாகத் தட்டி, நன்கு உலரும்வரை சுடுதல் வேண்டும். கினிகத்தேனையின் மழைக்காலத்தில் ஈரம் நின்ற அப்பம் இரண்டே நாளிற் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சண நஞ்சு நாயின் ஈரலைக் கெடுக்கும். ஆகவே ஆறியபின் மீண்டும் ஒருமுறை தணலிற் காட்டி, இறுக மூடிய தகரத்தில் இடுதல் நன்று. விசுக்கோத்து என்னும் சொல்லின் பொருளும் அதுவேயன்றோ.

இவ்வப்பம் நாயின் முழு உணவாகாது. நாளொன்றுக்கு வேண்டிய உணவாற்றலிற் பத்திலொரு பங்குக்கு மேல் இத்தகைய தின்பண்டமாக அமைதல் கூடாது என்பது விலங்கு மருத்துவர் கூறும் அளவு. மாவுணவையே கொடுத்து வளர்த்த மெலன்பியின் குருளைகளுக்கு நேர்ந்தது முன்னரே கூறப்பட்டது. உப்பும் சீனியும் வேண்டா. உலர்ந்த முந்திரிகை, சொக்கலேற்று, சைலிற்றோல் என்னும் செயற்கை இனிப்பு ஆகிய மூன்றும் நாய்க்கு நஞ்சு.

எல்லாவற்றினும் மலைநாட்டு வீட்டார் கருத்திற் கொள்ளவேண்டியது வெங்காயமே. வெங்காயம் நாயின் செங்குருதி அணுக்களை அழித்துச் சோகையை உண்டாக்கும் என்பது 1930-இலேயே ஆய்வால் அறியப்பட்டது. வெந்தாலும் வாடினாலும் அதன் தீமை நீங்காது. உள்ளியும் அவ்வினத்ததே. சம்பலில் சின்ன வெங்காயம் இடிபடாத வீடு தோட்டத்தில் அரிது. ரொட்டியின் ஓரத்தைச் சம்பலில் தோய்த்துண்டு எஞ்சியதை நாய்க்கு எறிவது எண்பது ஆண்டுப் பழக்கம். சம்பல் படுமுன்னரே ஒரு துண்டைப் பிய்த்துத் தனியே வைத்துவிட்டால் போதும்.